காற்றும் பாட்டும்



1734ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 5ஆம் நாள் இரவு. ஜெர்மனியில் உள்ள லைப்சிக் நகரின் சந்தைத் திடலில் பெருங்கூட்டம் கூடியிருந்தது. நாட்டை ஆண்ட மன்னர் நகருக்கு வந்திருந்தார். மாணவர்கள் நூற்றுக்கணக்கில் தீப்பந்தம் ஏந்தி ஊர்வலமாக வந்தார்கள். மன்னரைப் போற்றி, இசை மேதை யோஹான் செபாஸ்டியன் பாக் இயற்றிய ஒரு பாடல் தொகுப்பு திறந்த வெளியில் அரங்கேறியது. அந்த இசையில் எக்காளம் ஊதியவர்களுக்குத் தலைவராக நின்றவர் கோட்ஃப்ரீட் ரைஹ. அப்போது அவருக்கு வயது 67.

மறுநாள் அவர் வீடு திரும்பும் வழியில், தம் வீட்டுக்கு அருகிலேயே தெருவில் விழுந்து இறந்து போனார். முந்தின இரவு ஊதிய கடுமையும் தீப்பந்தங்களின் புகையும் சேர்ந்து அவரைத் தாக்கிவிட்டன என்று அவ்வூரின் அக்காலக் குறிப்பு சொல்கிறது. கையில் வளைந்த எக்காளத்துடன் அவர் நிற்கும் ஓவியம் ஒன்று இன்றும் இருக்கிறது. பாக் எழுதிய எக்காளப் பகுதிகளில் பலவும் அந்த மனிதரின் மூச்சை நம்பி எழுதப்பட்டவை.

ஒரு வாத்தியத்தை ஊதுவதில் உயிருக்கே ஆபத்து வருமா என்று நீங்கள் கேட்கலாம். ரைஹவின் சாவுக்கு வாத்தியம்தான் காரணம் என்று இன்றைய மருத்துவர் ஒருவர் உறுதியாகச் சொல்லிவிட மாட்டார். முதுமையும் உடல்நிலையும் அதில் பங்கு பெற்றிருக்கும். ஆனால், எக்காளம் ஊதுவது முரட்டு வேலை, உடலை வருத்தி, மூச்சைப் பிடித்து, பல்லைக் கடித்துச் செய்யவேண்டிய வேலை என்ற எண்ணம் அந்தக் காலத்திலேயே ஊறிப் போயிருந்தது என்பதற்கு அந்தக் குறிப்பு ஒரு சான்று. அந்த எண்ணம் எப்படி வந்தது, அதனால் யார் யார் துன்பப்பட்டார்கள், கடைசியில் அது எப்படித் தளர்ந்தது என்பதே இன்றைய பேச்சு.

முதலில், பித்தளை வாத்தியத்தில் ஒலி எப்படிப் பிறக்கிறது என்று பார்ப்போம். நாகசுரத்தில் சீவாளி துடிக்கிறது. புல்லாங்குழலில் துளையின் விளிம்பில் மோதிய காற்று துடிக்கிறது. டிரம்பெட், டிரம்போன், டூபா போன்ற பித்தளை வாத்தியங்களில் துடிப்பது ஊதுகிறவரின் உதடுதான். கிண்ணம் போன்ற வாய்முனையை உதட்டில் வைத்து, மூடிய உதடுகளுக்கு இடையே காற்றைச் செலுத்தினால் அவை படபடவென்று அதிர்கின்றன. அந்த அதிர்வைக் குழல் வாங்கிப் பெரிதாக்கி, மணிபோல் விரிந்த வாய் வழியே வெளியே விடுகிறது. டிரம்பெட் கலைஞர் உச்சத்தில் ஊதும் ஒரு சுரத்துக்கு அவருடைய உதடு ஒரு விநாடிக்கு 900 தடவைக்கு மேல் துடிக்க வேண்டியிருக்கிறது.

இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. சுரம் மேலே ஏற ஏற, ஊதுகிறவருக்கு அச்சம் வருகிறது. அச்சம் வந்ததும் கை தானாகவே வாத்தியத்தை உதட்டின்மேல் அழுத்துகிறது. அழுத்தினால் அந்த நேரத்துக்கு உச்ச சுரம் கிடைத்துவிடும். ஆனால் அழுத்தப்பட்ட உதட்டில் இரத்த ஓட்டம் குறைகிறது. உதடு மரத்துப் போகிறது. மரத்த உதடு சரியாகத் துடிக்காது. அது துடிக்காததால் ஊதுகிறவர் இன்னும் அழுத்துகிறார். இப்படி அழுத்தம் அழுத்தத்தை வளர்த்துக்கொண்டே போகிறது. கழுத்து இறுகுகிறது, தோள் உயர்கிறது, தொண்டை அடைக்கிறது.

ரைஹ காலத்து எக்காளத்தில் விரலால் அழுத்தும் விசைகள் கிடையாது. அது வெறும் நீண்ட குழல். அத்தகைய குழலில் கீழ்ப்பகுதியில் கிடைக்கும் சுரங்கள் ஒன்றுக்கொன்று வெகு தூரத்தில் இருக்கும். மேலே போனால்தான் அவை நெருங்கி வரும். ஆகவே ஒரு மெட்டை முழுதாக ஊத விரும்பியவர் உச்சத்திலேயே நின்றாக வேண்டும். பாக்கின் இசை அவ்வளவு கடினமாக இருப்பதற்குக் காரணம் அதுதான்.

1818ஆம் ஆண்டில் ஹைன்ரிஹ் ஸ்டோல்செல், ஃப்ரீட்ரிஹ் ப்ளூமெல் என்ற இருவர் பெர்லினில் விசை பொருத்திய பித்தளை வாத்தியத்துக்குக் காப்புரிமை பெற்றார்கள். விசையை அழுத்தினால் காற்று செல்லும் குழலின் நீளம் மாறும். எந்தச் சுரத்தையும் எந்த இடத்திலும் ஊத முடிந்தது. அதன் பிறகு பித்தளை வாத்தியம் அரண்மனையை விட்டுத் தெருவுக்கு வந்தது. இங்கிலாந்தில் சுரங்கத் தொழிலாளரும் ஆலைத் தொழிலாளரும் தங்களுக்குள் பேண்டு வாத்தியக் குழு அமைத்துக்கொண்டார்கள். பகலெல்லாம் நிலக்கரி வெட்டிய கை, மாலையில் கார்னெட் பிடித்தது. பாரிஸ் நகரில் ஜான் பாப்டிஸ்ட் ஆர்பான் என்ற ஆசிரியர் 1864இல் வெளியிட்ட பயிற்சி நூலை இன்றும் உலகெங்கும் மாணவர்கள் பயன்படுத்துகிறார்கள்.

வாத்தியம் எளிதாயிற்று. ஆனால் பழைய முரட்டு எண்ணம் போகவில்லை. படைகளின் பேண்டு வாத்தியக் குழுக்களில் நிமிர்ந்த மார்பும் உள்ளிழுத்த வயிறும் ஒழுக்கத்தின் அடையாளமாக இருந்தன. வயிற்றைக் கல்போல் இறுக்கு என்று சொன்ன ஆசிரியர்கள் பலர். உதட்டைச் சிரிப்பதுபோல் இருபுறமும் இழுத்து ஊது என்று சொன்னவர்களும் பலர். இழுத்த உதடு மெலிந்து, வாய்முனையின் அழுத்தத்தைத் தாங்க முடியாமல் சீக்கிரம் களைத்துப் போகும் என்பது பின்னால்தான் தெளிவாயிற்று.

இதற்கு விலை கொடுத்தவர்களில் உலகம் அறிந்த ஒருவர் லூயி ஆம்ஸ்ட்ராங். அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ் நகரில் 1901ஆம் ஆண்டு வறுமையில் பிறந்த கறுப்பினச் சிறுவன் அவர். சீர்திருத்தப் பள்ளி ஒன்றில் அடைக்கப்பட்டிருந்தபோது அங்கிருந்த பேண்டு வாத்தியக் குழுவில் கார்னெட் பழகினார். 1922இல் அவருடைய ஆசான் ஜோ ஆலிவர் அவரைச் சிக்காகோவுக்கு அழைத்துக்கொண்டார். பிறகு அவர் புகழ் உலகெங்கும் பரவியது.

ஆனால் ஆம்ஸ்ட்ராங் உதட்டை மிகவும் அழுத்தி ஊதுகிறவர். உச்ச சுரங்களைத் திரும்பத் திரும்ப ஊதி மக்களை மகிழ்விப்பது அவர் வழக்கம். கூட்டம் கைதட்ட, அவர் இன்னும் ஊதுவார். 1933இல் இங்கிலாந்தில் இருந்தபோது அவருடைய உதடு பிளந்து இரத்தம் வந்தது. 1934இல் பாரிஸ் நகரில் பல மாதம் ஊதாமல் ஓய்வெடுத்தார். உதட்டில் தழும்பு ஏறியது. வாழ்நாள் முழுதும் களிம்பு தடவிக்கொண்டே, 1971இல் இறக்கும் வரை கலைஞராகவே வாழ்ந்தார். ஊத முடியாத நாளில் அவருக்குப் பாட்டு கைகொடுத்தது.

அவருடைய ஆசான் ஆலிவருக்கு அந்த வாய்ப்பும் இல்லை. ஈறு நோயால் அவருடைய பற்கள் போயின. பல் இல்லாமல் கார்னெட் ஊத முடியாது. வேலை குறைந்தது, பணம் கரைந்தது. ஒரு காலத்தில் ஆம்ஸ்ட்ராங்கையே வேலைக்கு வைத்த அந்த மனிதர், கடைசியில் சவான்னா நகரில் ஒரு விளையாட்டுக் கூடத்தைக் கூட்டிப் பெருக்கும் வேலை செய்து, 1938இல் இறந்தார். உடம்பையே முதலாகப் போட்டு உழைப்பவனுக்கு உடம்பு கெட்டால் என்ன ஆகும் என்பதைத் தொழிலாளர் குடும்பங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

1982ஆம் ஆண்டில் ஜெய்ம் பிளானாஸ் என்ற அறுவை மருத்துவர், டிரம்பெட் கலைஞர்களின் வாயைச் சுற்றியுள்ள தசை கிழிந்துபோவதைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார். அதற்கு ஆம்ஸ்ட்ராங்கின் செல்லப் பெயரையே சூட்டினார். ஒரு கலைஞரின் வேதனை மருத்துவ நூலில் இடம் பெற்றது.

இனி, இறுக்கத்தைத் தளர்த்தியவர்களின் கதைக்கு வருவோம்.

ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாத் தீவில் 1869இல் பிறந்தவர் ஃபிரெடரிக் மத்தியாஸ் அலெக்சாண்டர். அவர் வாத்தியக்காரர் அல்லர், மேடையில் நாடக வசனம் பேசுபவர். மேடை ஏறினால் அவருடைய குரல் கம்மிவிடும். மருத்துவர்கள் ஓய்வெடுக்கச் சொன்னார்கள். ஓய்வெடுத்தால் குரல் திரும்பும், மேடை ஏறினால் மறுபடி போய்விடும். அப்படியானால் மேடையில் நான் ஏதோ தவறு செய்கிறேன் என்று எண்ணிய அவர், கண்ணாடி முன் நின்று பேசித் தம்மையே கவனித்தார். பேசத் தொடங்கும்போதெல்லாம் தலையைப் பின்னுக்கு இழுத்து, தொண்டையை அமுக்கி, உறிஞ்சுவதுபோல் மூச்சு வாங்குவதைக் கண்டுபிடித்தார்.

அதைவிட முக்கியமான ஒன்றையும் அவர் கண்டார். தலையை இழுக்கக்கூடாது என்று வேண்டுமென்றே முயன்றபோது உடம்பு இன்னும் இறுகியது. தளர வேண்டும் என்று முயல்வதே ஓர் இறுக்கம்! ஆகவே, பேச வேண்டும் என்ற உந்துதல் எழுந்ததும் உடனே செயல்படாமல் ஒரு கணம் நிற்பதைப் பழகினார். அந்தக் கணத்தில் பழைய வழக்கம் கிளம்பாமல் அடங்கியது. 1904இல் அவர் இலண்டன் சென்று இந்த முறையைக் கற்பித்தார். 1955இல் அவர் இறந்தார். பின்னாளில் இசைக் கல்லூரிகள் இதைப் பாடமாக ஏற்றுக்கொண்டன.

பித்தளை வாத்திய உலகத்தில் இந்த மாறுதலைக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் ஆர்னால்டு ஜேக்கப்ஸ். 1915இல் பிலடெல்பியா நகரில் பிறந்தவர். சிறு வயதில் முதலில் பழகியது படைவீரர் ஊதும் பியூகிள். பதினைந்து வயதில் பிலடெல்பியாவின் கர்ட்டிஸ் இசைக் கல்லூரியில் இடம் கிடைத்தது. 1944 முதல் 1988 வரை 44 ஆண்டு காலம் சிக்காகோ சிம்பொனி இசைக்குழுவில் டூபா வாசித்தார். டூபா என்பது பித்தளை வாத்தியங்களில் மிகப் பெரியது, அதிகமாகக் காற்றைக் குடிப்பது. ஆனால் ஜேக்கப்ஸுக்கோ ஆஸ்துமா. வயது ஏற ஏற அவருடைய நுரையீரல் கொள்ளும் காற்றின் அளவும் குறைந்தது. காற்றுக்குப் பஞ்சமான மனிதர், காற்றை அதிகம் கேட்கும் வாத்தியத்தைக் கையாண்டார். அதனால்தான் மூச்சைப் பற்றி அவர் அவ்வளவு ஆராய்ந்தார்.

அவர் உடற்கூற்று நூல்களைப் படித்தார். மூச்சை அளக்கும் மருத்துவக் கருவிகளை வாங்கிப் பயிற்சி அறையில் வைத்தார். அவர் கண்டது இது. பாரம் தூக்கும்போது நாம் என்ன செய்கிறோம்? மூச்சைப் பிடித்து, தொண்டையை அடைத்து, வயிற்றை இறுக்குகிறோம். நிறைந்த பால் வாளியைத் தூக்கியவர்கள் இதை அறிவார்கள். இத்தாலிய மருத்துவர் வால்சால்வாவின் பெயரால் இதை மருத்துவர்கள் அழைக்கிறார்கள். இது உடம்பைத் தூண்போல் நிலைநிறுத்த இயற்கை தந்த ஏற்பாடு. பாரத்துக்கு அது நல்லது. ஆனால் ஊதுவதற்கு அதுவே பகை. காற்று வெளியே போக வேண்டிய நேரத்தில் தொண்டையும் நாக்கும் கதவடைக்கின்றன. வயிறு தள்ளுகிறது, தொண்டை தடுக்கிறது. உள்ளே பெரும் போராட்டம். வெளியே வருவதோ மெல்லிய, நடுங்கும் ஒலி. வயிற்றை இறுக்கு என்ற பழைய கட்டளை, மாணவனை இந்தப் போராட்டத்தில்தான் தள்ளிவிட்டது.

ஜேக்கப்ஸ் தம் பாடத்தை இரண்டே சொற்களில் சொன்னார்: பாட்டு, காற்று. மனத்தில் பாட்டு ஓட வேண்டும், உதட்டுக்குக் காற்று ஓட வேண்டும், மற்றதை உடம்பு பார்த்துக்கொள்ளும் என்றார். நாம் நடக்கும்போது எந்தத் தசையை எப்போது இயக்க வேண்டும் என்று எண்ணுவதில்லை. கடைக்குப் போக வேண்டும் என்று எண்ணுகிறோம், கால் நடக்கிறது. அதுபோல, எந்த ஒலி வேண்டும் என்று மனத்தில் தெளிவாகக் கேட்டுக்கொள், உதட்டுக்கு உத்தரவு போடாதே என்பது அவர் போதனை.

பழைய கெட்ட பழக்கத்தோடு மல்லுக்கு நிற்க வேண்டாம் என்றும் அவர் சொன்னார். அதை எதிர்த்துப் போராடினால் அதுவே நினைவில் நிற்கும். அதன் பக்கத்தில் புதிய நல்ல பழக்கத்தை வளர்த்தால், பழையது பயன்படுத்தாமலேயே வாடிவிடும். இதற்காக மாணவரிடமிருந்து வாத்தியத்தையே வாங்கி வைத்துவிடுவார். முதலில் வெறும் மூச்சுப் பயிற்சி. பிறகு வாய்முனையை மட்டும் வைத்து, தெரிந்த மெட்டு ஒன்றை ஊதச் சொல்வார். கடைசியில்தான் வாத்தியம். வாத்தியத்தைத் தொட்டதும் கிளம்பும் அச்சமும் இறுக்கமும், அது கையில் இல்லாதபோது வருவதில்லை அல்லவா? இப்படி அவரிடம் பயின்றவர்கள் உலகின் பல இசைக்குழுக்களுக்குச் சென்றார்கள். அவர் 1998இல் மறைந்தார்.

அதே சிக்காகோ குழுவில் ஹார்ன் வாசித்த பிலிப் ஃபார்க்காஸ், 1956இல் வெளியிட்ட நூலில், உதட்டைச் சிரிப்புப்போல் இழுக்கவும் கூடாது, சீழ்க்கை அடிப்பதுபோல் முழுதும் குவிக்கவும் கூடாது, இரண்டுக்கும் நடுவே சமமாக நிறுத்த வேண்டும் என்று விளக்கினார். வாயின் ஓரங்கள் உறுதியாக நிற்க, நடுவே உதடு துடிக்க இடம் கிடைத்தது.

உடம்பின் இறுக்கத்தைச் சொன்னோம். மனத்தின் இறுக்கத்தை என்ன செய்வது? மேடை ஏறினால் நெஞ்சு படபடக்கிறது, வாய் உலர்கிறது, கை நடுங்குகிறது. இது கோழைத்தனம் அன்று. ஆபத்து வந்தால் எதிர்த்து நிற்கவோ தப்பி ஓடவோ உடம்பு தன்னைத் தயார் செய்துகொள்கிறது என்று அமெரிக்க உடலியல் அறிஞர் வால்டர் கேனன் 1915இல் எழுதினார். அட்ரினலின் என்ற சுரப்பு இரத்தத்தில் கலக்கிறது, இதயம் வேகமாக அடிக்கிறது. புலியைக் கண்டவனுக்கு அது உதவும். மெல்லிய சுரம் ஒன்றை ஊதப் போகிறவனுக்கு அது தொல்லை. வயலின்காரரின் வில் நடுங்கினால் ஓரளவு மறைக்கலாம். டிரம்பெட்காரரின் உதடு நடுங்கினால் மண்டபம் முழுதும் கேட்கும்.

1960களில் ஜேம்ஸ் பிளாக் என்ற ஸ்காட்லாந்து அறிஞர் இதய நோய்க்காக ஒரு மருந்தை உருவாக்கினார். அட்ரினலின் இதயத்தைத் தூண்டாமல் அது தடுத்தது. 1988இல் அவர் நோபல் பரிசு பெற்றார். இவ்வகை மருந்து இசைக் கலைஞர்களின் மேடை நடுக்கத்தைக் குறைக்கிறது என்று 1977இல் இலண்டன் மருத்துவ இதழ் ஒன்றில் ஆய்வு வந்தது. பத்து ஆண்டு கழித்து, 1987இல், அமெரிக்க இசைக்குழுக் கலைஞர்கள் இரண்டாயிரம் பேருக்கு மேல் விசாரித்தபோது, நூற்றுக்கு 27 பேர் இம்மருந்தைப் பயன்படுத்தியதாகக் கூறினார்கள். புகழ்பெற்ற மேடைகளில் நின்றவர்களுக்குள்ளும் எவ்வளவு அச்சம் மறைந்திருந்தது, பாருங்கள்!

ஆனால் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். மருத்துவர் சொல்லாமல் இதைத் தொடக்கூடாது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இது பெரும் ஆபத்தை விளைவிக்கும். மேலும், மருந்து நடுக்கத்தைத்தான் அடக்கும். தவறாக மூச்சு வாங்கும் பழக்கத்தை அது திருத்தாது.

நேயர்களே, தோட்டத்தில் மரம் சீவிப் பழகியவர்களுக்கு இந்த வரலாறு முழுவதையும் ஒரே உவமையில் சொல்லிவிடலாம். வேலைக்குப் புதிதாக வந்தவன் கத்தியை அழுத்திப் பிடிப்பான். அதிகப் பால் வரும் என்று ஆழமாக வெட்டுவான். பட்டையைத் தாண்டி மரத்தில் காயம் படும். அந்த இடம் கரடு முரடாக ஆறும், அடுத்த முறை அங்கே நன்றாகச் சீவ முடியாது. தேர்ந்த கையோ இலேசாகப் போகும். பட்டை மெல்லிய சீவலாக விழும், பால் தானாக வழியும். அந்தக் கையில் பலம் இல்லை என்று யாராவது சொல்வார்களா? பலம் இருக்கிறது. தேவையான இடத்தில், தேவையான அளவுக்கு மட்டும் இருக்கிறது. ஆம்ஸ்ட்ராங்கின் உதடு காயம்பட்ட மரம் போன்றது. ஜேக்கப்ஸ் கற்பித்தது அந்தத் தேர்ந்த கையின் இரகசியம்.

உங்கள் வீட்டுப் பிள்ளை பள்ளிப் பேண்டு வாத்தியக் குழுவில் சேர்ந்து, ஒரு டிரம்பெட்டைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வரலாம். அக்கம்பக்கத்தார் காதைப் பொத்திக்கொள்ளும்படி ஊதலாம். அப்போது சிலவற்றைக் கவனியுங்கள். பிள்ளையின் தோள் காதுவரை ஏறியிருக்கிறதா? கழுத்து நரம்பு புடைத்திருக்கிறதா? வாத்தியத்தை எடுத்ததும் உதட்டில் ஆழமான வளையம் பதிந்திருக்கிறதா? இருந்தால், வாத்தியத்தைக் கீழே வைத்துவிட்டுத் தெரிந்த பாட்டு ஒன்றை வாயால் பாடச் சொல்லுங்கள். பிறகு நிதானமாக மூச்சு வாங்கி, அந்தப் பாட்டையே ஊதட்டும். உதடு களைத்தால் ஊதிய நேரத்துக்குச் சமமான நேரம் ஓய்வு கொடுங்கள். வலியோ மரப்போ நீடித்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பிழை வந்தால் அதட்டாதீர்கள். அதட்டினால் பிள்ளை அடுத்த முறை சுரத்தை நினைக்காது, உங்கள் முகத்தைத்தான் நினைக்கும். மனத்தில் பாட்டு இருக்க வேண்டிய இடத்தில் அச்சம் வந்து உட்கார்ந்துகொள்ளும். அச்சம் வந்ததும் தொண்டை அடைக்கும், கை அழுத்தும். முந்நூறு ஆண்டு வரலாறு நமக்குச் சொல்லும் உண்மை இது. லைப்சிக் சந்தையில் ஊதிய முதியவரும், இலண்டனில் உதடு பிளந்த ஆம்ஸ்ட்ராங்கும் தங்கள் உடம்பைக் கொடுத்து ஊதினார்கள். அவர்களுக்குப் பின் வந்தவர்கள் உடம்பைக் கெடுக்காமல் ஊதும் வழியைக் கண்டார்கள். அந்த வழி நம் பிள்ளைகளுக்கும் உரியது. அதற்குப் பணம் வேண்டியதில்லை. பொறுமையாகக் கேட்கும் காது ஒன்று வீட்டில் இருந்தால் போதும்.